தங்க இலை நைன்பார்க்: முதல்முறை நடுபவர்களுக்கு

மஞ்சள் இலை, உரிந்த பட்டை, மொட்டைக் கிளை. நம் ஊர்க் கண்ணுக்கு இந்த மூன்றும் சாகப்போகும் செடியின் அடையாளம். தங்க இலை நைன்பார்க்குக்கோ மூன்றும் இயல்பு. வசந்தத்தில் மஞ்சளாகத் துளிர்க்கும், முதிர்ந்த தண்டில் பட்டை கீற்றுக் கீற்றாக உரியும், நவம்பரில் இலை முழுவதும் கொட்டிவிட்டு ஏப்ரல் வரை விறகுக்கட்டு மாதிரி நிற்கும். இது தெரியாமல் மஞ்சளுக்கு உரம், பட்டைக்கு மருந்து, மொட்டைக்கு மண்வெட்டி என்று இறங்கினால் நன்றாக இருந்த செடி போய்விடும். டொராண்டோ, லண்டன் போன்ற குளிர் ஊர்களில் முதல் தோட்டம் போடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

தாவரவியல் பெயர் பைசோகார்பஸ் ஓபுலிஃபோலியஸ். ரோஜாக் குடும்பம். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிதான் சொந்த மண். ஒன்டாரியோ, கியூபெக் ஓடைக்கரைகளிலும் பாறைச் சரிவுகளிலும் யாரும் நடாமலே வளர்கிறது. காட்டுச் செடிக்கு இலை பச்சைதான். தங்க நிறம் தோட்டக்காரர்கள் பொறுக்கியெடுத்துப் பெருக்கிய ரகங்களுக்கு உரியது. பட்டை அடுக்கடுக்காக உரிவதால் ‘ஒன்பது பட்டை’ என்ற பொருளில் நைன்பார்க். எண்ணிப் பார்த்து வைத்த பெயர் என்று நம்ப வேண்டியதில்லை. மைனஸ் 35 டிகிரிக் குளிரையும் தாங்கும். தமிழ்நாட்டுச் சமவெளிக்கு இது ஆகாது, குளிர்கால உறக்கம் இல்லாமல் அடுத்த ஆண்டுத் துளிர் ஒழுங்காக வராது. அங்கே பூங்கா வேலிகளில் மஞ்சளாக மின்னுவது டுரான்டா. அது வேறு குடும்பம், மொட்டையாவதும் இல்லை.

எந்த ரகம், எந்தச் செடி

கடையில் மூன்று தங்க ரகங்கள் கண்ணில் படலாம். ‘லூட்டியஸ்’ பழைய ரகம். இரண்டரை, மூன்று மீட்டர் வரை போகும், வெயில் ஏறியதும் சீக்கிரம் பச்சையாகிவிடும். ‘டார்ட்ஸ் கோல்ட்’ நெதர்லாந்தின் டார்ட்ஹவுசர் நாற்றங்காலில் இருந்து வந்தது. உயரமும் அகலமும் ஒன்றரை மீட்டர் அளவில் நிற்கும், நிறமும் கூடுதல் நாள் தங்கும். பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி தோட்டத் தகுதி விருது கொடுத்த ரகம் அது. ‘நக்கெட்’ அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் தேர்ந்தெடுக்கப்பட்டது. சிறிய முற்றத்துக்கு டார்ட்ஸ் கோல்டை விட்டு வேறொன்றைத் தேட அவசியம் இல்லை. பெயர்ச்சீட்டைப் படித்து எடுங்கள். அதே தட்டில் ‘டயபோலோ’ என்ற கருஞ்சிவப்பு இலை ரகமும் இருக்கும், இலையில்லாத மார்ச் மாதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இலை விரிந்த பிறகு, மே மாதத்தில் வாங்குவது நல்லது. நிறத்தைப் பார்த்தே எடுக்கலாம். தொட்டியை லேசாகச் சாய்த்து உருவிப் பாருங்கள். வெளிர் நிறச் சிறு வேர்கள் மண்ணைப் பிடித்திருந்தால் நல்லது. தடித்த வேர்கள் தொட்டியைச் சுற்றிக் கயிறு போலச் சுருண்டிருந்தால் வேறு செடி பாருங்கள். அடியிலிருந்து மூன்று நான்கு தண்டாவது கிளம்பியிருக்க வேண்டும். ஒரே தண்டில் உயரமாக நிற்பது கண்ணுக்கு அழகு, புதராவதற்கு இரண்டு வருடம் கூடுதலாக எடுக்கும்.

இடம்: வெயிலும் ஈரமும் சேர்ந்து

தங்க இலையில் பச்சையம் குறைவு. பச்சையம் குறைந்ததால்தான் இலையில் எப்போதும் இருக்கும் மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. நிழலில் வைத்தால் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்கச் செடி பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும். இலை எலுமிச்சைப் பச்சைக்குப் போய், பிறகு வெறும் பச்சையாகும். அதற்காக வெயிலில் காயப்போட்டாலும் தப்பு. பச்சையம் குறைந்த இலைக்குக் கடும் வெயிலைத் தாங்கும் வலு குறைவு, வேரில் ஈரம் இல்லாவிட்டால் ஜூலையில் ஓரம் கருகி முறுகும். ஆகவே இந்தச் செடிக்கு இடம் பார்ப்பது என்பது வெயிலையும் ஈரத்தையும் ஒன்றாகப் பார்ப்பது.

டொராண்டோவில் கிழக்குப் பக்கம் சிறந்த இடம்: காலை வெயில் ஐந்து ஆறு மணி நேரம், பிற்பகலில் வீட்டு நிழல். மேற்குச் செங்கல் சுவரை ஒட்டி நடாதீர்கள். பகலெல்லாம் சூடேறிய சுவர் மாலையில் இலையைச் சுடும். லண்டன் வெயில் அவ்வளவு கடுமையில்லை, அங்கே முழு வெயிலிலேயே வைக்கலாம். சுவர், வேலி, நடைபாதை எதிலிருந்தும் குறைந்தது 1.2 மீட்டர் தள்ளி நடுங்கள். தொட்டியில் 40 சென்டிமீட்டர் இருக்கும் செடிக்கு இவ்வளவு இடமா என்று தோன்றும். ஐந்தாம் ஆண்டில் தோன்றாது. வேலியாக வரிசையில் வைப்பதானால் செடிக்குச் செடி 90 சென்டிமீட்டர்.

பனிக்காலத்தில் வாகனப் பாதையில் வழித்த பனியை எங்கே குவிப்பீர்கள் என்பதையும் இப்போதே யோசியுங்கள். உப்புக் கலந்த அந்தப் பனி இதன்மேல் விழுந்தால் கிளை முறிவதோடு மண்ணும் கெடும்.

மண்

களிமண், மணல், கல் நிறைந்த மண் எதிலும் பிழைக்கும் செடி இது. கொஞ்சம் புளிப்புத்தன்மையுள்ள மண்ணில் நிறம் நன்றாக வரும். ஆழமில்லாத சுண்ணாம்பு மண்தான் பிடிக்காது. லண்டனின் தெற்கு ஓரத்தில், குரொய்டனுக்குத் தெற்கே சுண்ணாம்புப் பாறைமேல் வீடு இருப்பவர்கள் பெரிய தொட்டியில் வளர்ப்பதே மேல்.

டொராண்டோ சுற்றுப்புறங்களில் புதுக் குடியிருப்புகளின் தொல்லை வேறு. வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்துவிட்டு, கட்டி முடித்ததும் அடிமண் களியின் மேல் புல்தரையைச் சுருட்டி விரித்துவிடுகிறார்கள். தண்ணீர் இறங்குகிறதா என்று முதலில் சோதியுங்கள். 30 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி நீர் நிரப்பி வடியவிடுங்கள், மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றியது மணிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டராவது இறங்கினால் கவலையில்லை. மறுநாள் காலையும் தேங்கி நின்றால் அங்கே பள்ளத்தில் நடக்கூடாது. 20 சென்டிமீட்டர் மேடு கட்டி மேட்டில் நட வேண்டும்.

ஒன்டாரியோவில் மண்வெட்டியைத் தொடும் முன் இன்னொரு வேலை உண்டு. ‘ஒன்டாரியோ ஒன் கால்’ சேவையில் பதிவு செய்து, எரிவாயு, மின்சாரம், தொலைபேசிக் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று அடையாளம் போடச் சொல்லுங்கள். வீட்டுக்காரர்களுக்குக் கட்டணம் இல்லை, சட்டப்படி கட்டாயம். ஒரு வாரத்துக்கும் முன்பாகவே பதிந்துவிடுங்கள்.

நடவு

டொராண்டோவில் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரை, அல்லது செப்டம்பர் முதல் அக்டோபர் நடு வரை. லண்டனில் தரை உறையாத, நீர் தேங்காத எந்த நாளிலும் நடலாம். அக்டோபர் சாலச் சிறந்தது.

1. தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி நிற்கும் வரை வையுங்கள். காய்ந்த வேர்க்கட்டியை மண்ணுக்குள் புதைத்த பிறகு நனைப்பது கடினம். வெளியே ஊற்றும் நீர் சுற்றியுள்ள மண்ணுக்குத்தான் போகும்.

2. குழியின் அகலம் தொட்டியைப் போல இரண்டரை மடங்கு. ஆழம் வேர்க்கட்டியின் உயரம் மட்டும், ஒரு விரல்கூட அதிகம் வேண்டாம். ஆழமாகத் தோண்டி மண்ணைத் திரும்ப நிரப்பினால் அது அமுங்கும், செடியும் சேர்ந்து இறங்கும்.

3. களிமண்ணில் மண்வெட்டி பட்ட இடம் மெழுகியது போல வழவழப்பாகிவிடும். வேர் அதைத் துளைக்காது. குழியின் பக்கங்களைக் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள்.

4. செடியை உருவி, வெளிப்பக்க வேர்களை விரலால் கலைத்துவிடுங்கள். சுற்றியிருப்பதை வெட்டலாம், பயம் வேண்டாம்.

5. வேர்க்கட்டியின் மேல்மட்டம் தரையோடு சமமாக, களிமண்ணானால் மூன்று நான்கு சென்டிமீட்டர் மேலே இருக்கும்படி நிறுத்துங்கள்.

6. எடுத்த மண்ணையே போட்டு மூடுங்கள். குழிக்குள் மட்டும் மூட்டை மூட்டையாக மக்கு உரம் போடுவது பலரும் ஆசையோடு செய்யும் பிழை. களிமண்ணுக்கு நடுவில் அந்தப் பஞ்சு மண் குளியல் தொட்டி மாதிரி நீரைத் தேக்கும், வேரும் வெளியே போகாமல் உள்ளேயே சுற்றும். உரத்தை மேலே பரப்புங்கள், மண்புழு இறக்கிக்கொள்ளும்.

7. பத்துப் பதினைந்து லிட்டர் நீரை நிதானமாக விடுங்கள். மண் அமுங்கினால் இன்னும் கொஞ்சம் போடுங்கள். பிறகு மரப்பட்டைத் துண்டு அல்லது மக்கிய இலையால் 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்கு. தண்டைச் சுற்றி ஒரு கையகலம் வெறுமையாக இருக்கட்டும். தண்டில் ஏறிய மூடாக்கு பட்டையை அழுகவைக்கும், எலிக்கும் வீடாகும்.

முதல் இரண்டு வாரம் இரண்டு நாளுக்கு ஒருமுறை, பிறகு அந்தக் கோடை முழுவதும் வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு முறையும் பத்து லிட்டர். தினமும் குழாயைப் பிடித்து இலையை நனைப்பது நீர் விட்டதாகாது. விரலை 5 சென்டிமீட்டர் உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் அன்று நீர் வேண்டாம். டொராண்டோவில் தரை உறையும் வரை, ஏறக்குறைய நவம்பர் நடு வரை, மழையில்லாத வாரங்களில் இதை நிறுத்தக்கூடாது. இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை. மூன்றாம் ஆண்டு முதல் நீண்ட வறட்சியில் மட்டும்.

நல்ல மஞ்சள், கெட்ட மஞ்சள்

கூடுதலாகக் கண் வைக்க வேண்டிய இடம் இது. நல்ல மஞ்சளில் இலை முழு அளவில், தெளிந்த நிறத்தில், விறைப்பாக இருக்கும். நுனி இலைகள் தங்கமாகவும் உள்ளே நிழலில் மறைந்தவை பச்சையாகவும் இருக்கும். கோடை நடுவில் மொத்தச் செடியும் எலுமிச்சைப் பச்சைக்கு நகரும். இது பசி அல்ல, பருவம். அடுத்த மே மாதம் தங்கம் திரும்பும்.

கெட்ட மஞ்சளில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, நடுவில் உள்ள பகுதி வெளுத்து, சில சமயம் காகிதம் போல வெள்ளையாகும். புது இலைகளில் முதலில் தெரியும், இலையும் சிறுக்கும். சுண்ணாம்புத்தன்மை கூடிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர் அதை எடுக்க முடியாத நிலை அது. நீர் தேங்கி வேர் மூச்சுமுட்டினாலும் இதே அறிகுறிதான். அதனால் முதலில் தோண்டி ஈரத்தைப் பாருங்கள். நீர் தேங்கவில்லை என்றால் ‘கீலேட்டட் அயர்ன்’ என்று விற்கும் இரும்புச்சத்தைப் பெட்டியில் உள்ள அளவுக்குக் கரைத்து வேரில் ஊற்றலாம். ஓரிரு வாரத்தில் புதுத் துளிரில் தெளிவு தெரியும். நிரந்தரத் தீர்வு ஆண்டுதோறும் மக்கிய இலை மூடாக்குதான்.

உரம் விஷயத்தில் கை இறுக்கமாக இருங்கள். முதல் ஆண்டு எதுவும் வேண்டாம். அடுத்த ஆண்டு முதல் ஏப்ரலில் மக்கு உரம் இரண்டு சென்டிமீட்டர் பரப்பினால் போதும். தழைச்சத்து அதிகமானால் இலை பச்சையடிக்கும், தண்டு நீண்டு துவளும், சாம்பல் நோய்க்கும் அழைப்பு வைத்ததாகும். புல்தரைக்கு உரம் தூவும் வண்டி இதன் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘உரமே போடவில்லை, ஆனாலும் பச்சையாகிவிட்டது’ என்பவர்கள் தோட்டத்தில் பெரும்பாலும் அங்கிருந்துதான் போகிறது.

எப்போதாவது தங்கப் புதருக்குள் ஒரு தண்டு மட்டும் கரும்பச்சையாக, மற்றவற்றை மிஞ்சி வளரும். பழைய காட்டுக் குணத்துக்குத் திரும்பிய கிளை அது. பச்சையம் நிறைந்ததால் வேகம் அதிகம், விட்டால் தங்கத் தண்டுகளை அடக்கிவிடும். நுனியைக் கிள்ளிப் பயனில்லை, கிளம்பும் இடத்திலேயே வெட்டுங்கள்.

சாம்பல் நோயும் வண்டும்

ஜூலை, ஆகஸ்டில் தளிர் நுனியில் மாவு தூவியது போல வெள்ளை படிந்தால் சாம்பல் நோய். மற்றப் பூஞ்சை நோய்கள் பலவற்றுக்கு இலை நனைந்திருக்க வேண்டும், இதற்கு வேண்டியதில்லை. வேர் காய்ந்திருப்பதும், காற்றோட்டமில்லாத புழுக்கமும் போதும். நைன்பார்க்கில் இது சில சமயம் விநோதமாக வரும்: நுனியில் இலைகள் தடித்து வெளுத்து, துடைப்பக் குச்சி போலக் கொத்தாகத் திரளும். பூ என்று நினைத்து விட்டுவைக்காதீர்கள். பாதித்த இடத்துக்கு ஒரு சாண் கீழே, நல்ல தண்டு தெரியும் வரை வெட்டி, பைக்குள் போட்டுத் தோட்டக்கழிவில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். ஒன்டாரியோவில் வீட்டுத் தோட்ட அழகுக்காக ரசாயனப் பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி அடிப்பதற்கு 2009 முதல் தடை இருக்கிறது. கந்தகம் போன்ற சிலவற்றுக்கே அனுமதி. அவையும் வருமுன் காப்பவை, வந்த வெள்ளையைத் துடைப்பவை அல்ல. உண்மையான மருந்து கிளைகளை வெட்டிப் புதரின் நடுவைத் திறந்துவிடும் கவாத்தும், வேரில் ஈரமும்தான்.

வட அமெரிக்காவில் நைன்பார்க்கைத் தின்னும் புள்ளி வண்டு ஒன்று உண்டு. முழு வண்டும் புழுவும் இலையைச் சல்லடையாக்கும். ஒன்றிரண்டு புதருக்கு மருந்தே தேவையில்லை. காலைக் குளிரில் சோப்புத் தண்ணீர் உள்ள டப்பாவைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டினால் உதிர்ந்து விழும்.

கவாத்து

முதல் இரண்டு ஆண்டு ஒடிந்ததைத் தவிர எதையும் தொடாதீர்கள். ஜூனில் கொத்துக் கொத்தாக வரும் வெண்பூ சென்ற ஆண்டுத் தண்டில்தான் மலரும். மார்ச்சில் எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிவிட்டு ஜூனில் பூவைத் தேடினால் கிடைக்காது.

மூன்றாம் ஆண்டு முதல், பூ முடிந்து மூன்று நான்கு வாரத்துக்குள் பூத்த கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். வலுவான இலைக்கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். அதோடு அடித்தண்டுகளில் வயதான, தடித்த நான்கில் ஒன்றைத் தரையோடு அறுத்துவிடுங்கள். நான்கைந்து ஆண்டில் புதர் முழுவதும் இளந்தண்டாக மாறிவிடும், நிறமும் இளந்தண்டில்தான் பளிச்சென்று இருக்கும். பூவுக்குப் பின் வரும் செந்நிறக் காய்க்கொத்தும் பார்க்க நன்றாயிருக்கும். அது வேண்டுமென்றால் சில கிளைகளை வெட்டாமல் விடலாம். டொராண்டோவில் ஆகஸ்டுக்குப் பிறகு கத்தரி வேண்டாம். வெட்டிய இடத்தில் வரும் துளிர் முற்றுமுன் உறைபனி பிடித்துவிடும்.

மின்கத்தரியால் பந்து மாதிரி உருட்டி விடுவதைத் தவிருங்கள். வெளியே அடர்ந்த ஓடு, உள்ளே வெறும் சுள்ளி என்றாகும். காற்று நின்று சாம்பல் நோய்க்குக் கூடாரமாகும். அப்படிக் கெட்டுப்போன புதரையும், கவனிப்பில்லாமல் கட்டுக்கடங்காமல் போனதையும் மார்ச் கடைசியில், மொட்டு விரியுமுன், தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் விட்டு மொத்தமாக வெட்டலாம். அந்த ஆண்டு பூ இருக்காது, ஆனால் இலை பெரிதாக, நல்ல தங்கமாக வரும். நன்கு வேரூன்றிய செடிக்கு மட்டும் இந்த வைத்தியம்.

மொட்டை மாதங்கள்

நவம்பரில் இலை கொட்டியதும் சாக்குச் சுற்றுவது, தண்டைக் கட்டுவது எதுவும் வேண்டாம். முயல் வரும் இடமானால் மட்டும் செடியைச் சுற்றி 60 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கோழிவலை நிறுத்துங்கள். பனி குவிந்தால் முயல் அதன்மேல் ஏறி எட்டும், அதனால் அதிகப் பனி பெய்யும் இடத்தில் இன்னும் உயர்த்த வேண்டும்.

உயிர் இருக்கிறதா என்ற சந்தேகம் ஏப்ரலில் வரும். முதிர்ந்த தண்டில் சுரண்டிப் பார்த்தால் உரிந்த பட்டை கையோடு வந்து உங்களை ஏமாற்றும். பென்சிலை விட மெலிந்த கிளையில் நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் அதே கிளையில் இன்னும் கீழே கீறுங்கள். நுனி மட்டும் பட்டுப்போவது சாதாரணம், பச்சை தெரியும் இடம் வரை வெட்டிவிட்டால் போதும். எதுவும் தெரியாவிட்டாலும் ஜூன் தொடக்கம் வரை பிடுங்க வேண்டாம், அடியிலிருந்து துளிர்க்கக்கூடும்.

இன்னொன்று வேண்டுமென்றால்

பதியன் போடுவது சுலபம். வசந்தத்தில் தாழ்ந்த, வளையும் கிளை ஒன்றைத் தேர்ந்து, நுனியிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளிக் கணுவுக்கு அடியில் லேசாகக் கீறி, 10 சென்டிமீட்டர் ஆழப் பள்ளத்தில் வளைத்து ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே நிமிர்ந்திருக்க வேண்டும். கோடையில் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த வசந்தத்தில் வேரோடு வெட்டியெடுக்கலாம்.

அவசரமென்றால் ஜூனில் முற்றாத தளிரில் 10 சென்டிமீட்டர் நறுக்கி, கீழ் இலைகளை உருவி, பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைக் கல்துகளும் தேங்காய்நார்த் தூளும் சமமாகக் கலந்த தொட்டியில் செருகி, மேலே பிளாஸ்டிக் பை கவிழ்த்து நிழலில் வையுங்கள். ஐந்தாறு வாரத்தில் மெல்ல இழுத்தால் பிடிப்பு தெரியும். முதல் குளிர்காலத்தில் அந்தக் குட்டிகளைத் தொட்டியோடு மண்ணில் புதைத்து வையுங்கள், இல்லையென்றால் வேர் உறைந்துவிடும்.

விதையிலிருந்து மட்டும் முயலாதீர்கள். காயிலிருந்து விழுந்து தானாக முளைக்கும் நாற்றுகளில் பெரும்பாலானவை வெறும் பச்சைதான். தாய்ச்செடியின் அடியிலேயே விட்டுவைத்தால் இரண்டு ஆண்டில் எது தங்கம், எது காடு என்று பிரிக்க முடியாமல் பின்னிக்கொள்ளும். சிறிதாக இருக்கும்போதே களையோடு களையாக எடுத்துவிடுங்கள்.